மரபணுவை ஆய்வகத்தில் உருவாக்கிய பட்வாரி மகன் ஹர் கோவிந்த் கொரானா

புதுடெல்லி, ஜன. 9: நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானா, ஆவணங்களின்படி 1922-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி பிறந்தவர். உண்மையான பிறந்த நாள் அவருக்கே தெரியாது. பிரிக்கப்படாத பஞ்சாபில், ஏறத்தாழ 100 பேர் மட்டுமே வசித்த ராய்ப்பூர் என்னும் சிற்றூர் அவருடைய சொந்த ஊர். அது இன்று பாகிஸ்தானில் உள்ளது. நிலவரிக் கணக்கு பார்க்கும் பட்வாரியாகப் பணியாற்றிய தந்தை, வறுமையிலும் தம் ஐந்து பிள்ளைகளையும் படிக்க வைப்பதில் உறுதியாக இருந்தார். அவர்களுள் கடைசிப் பிள்ளை கொரானா.

முல்தானிலும் லாகூரிலும் பயின்ற அவர், 1945-இல் இந்திய அரசின் உதவித்தொகையுடன் லிவர்பூல் சென்று, 1948-இல் முனைவர் பட்டம் பெற்றார். சூரிச்சில் ஓராண்டு ஆய்வு செய்துவிட்டு 1949-இல் தாயகம் திரும்பியபோது, அவருக்கு ஏற்ற பணி கிடைக்கவில்லை. பிரிவினையின் காயம் ஆறாத காலம் அது என்றாலும், இந்திய அறிவியலுக்கு அது பேரிழப்பே. மீண்டும் இங்கிலாந்து, பின்னர் கனடா, 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று அவருடைய பயணம் நீண்டது. 1966-இல் அவர் அமெரிக்கக் குடிமகனானார்.

செல்லில் புரதம் உருவாகும்போது, தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள எழுத்துகளை அமினோ அமிலங்களாக மாற்றித் தருவது கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனை மூன்றெழுத்துக் குறியீட்டை அடையாளம் காணும். மறுமுனை அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வரும். இரு மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளரின் பணி என்றே இதனைச் சொல்லலாம்.

குறியீடு மூன்றெழுத்துகளால் ஆனதுதான் என்பதற்குக் கொரானா வேதியியல் வழியில் சான்று தந்தார். யு, சி என்ற இரண்டு எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட ஆர்.என்.ஏ. இழையை அவருடைய குழுவினர் உருவாக்கினர். இரண்டிரண்டாகப் படிக்கப்பட்டால் ஒரே அமினோ அமிலம்தான் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆனால் செரினும் லியூசினும் மாறி மாறி அமைந்த சங்கிலி கிடைத்தது. யுசியு, சியுசி என்று மூன்று மூன்றாகப் படித்தால் அது பொருந்தும். சாத்தியமான 64 மூன்றெழுத்துச் சேர்க்கைகளையும் அவர்கள் தயாரித்தனர். இப்பணிக்காக 1968-இல் ராபர்ட் ஹாலி, மார்ஷல் நிரன்பர்க் ஆகியோருடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஈஸ்ட்டிலுள்ள அலனின் கடத்து ஆர்.என்.ஏ.வின் 77 எழுத்து வரிசையை 1965-இல் கண்டறிந்தவர் ஹாலி. மறு ஆண்டு கொரானாவுக்கு இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது.

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. ஹாலி கண்டறிந்த அதே ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவை, சிறு சிறு டி.என்.ஏ. துண்டுகளை வேதியியல் முறையில் செய்து நொதியால் இணைத்து, 1970-இல் முழுமையாக உருவாக்கினார். எனினும் அதனை உயிருள்ள செல்லில் இயங்கச் செய்ய இயலவில்லை; தொடக்கமும் முடிவும் காட்டும் பகுதிகள் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்து, ஈ. கோலை பாக்டீரியாவின் டைரோசின் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவைச் செய்து முடிக்க மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1976-இல் அம்மரபணு பாக்டீரியாவுக்குள் இயங்கியது.

1970 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கொரானா, பிற்காலத்தில் கண்ணின் ஒளியுணர் புரதமான ரோடாப்சினை ஆராய்ந்தார். 2011-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, தமது 89-ஆவது வயதில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலமானார்.