சுவாமி சகஜானந்தர்

தில்லை என்றவுடன் கூத்தப்பெருமான் திருக்கோயிலும் திருநாளைப்போவார் வரலாறும் கற்றார் நினைவிற்கு வருதல் இயல்பு. அத்தில்லையிலே, ஓமக்குளத்தின் அருகே, திருநாளைப்போவார் பெயராலேயே கல்விச்சாலை ஒன்று நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்கு எழுத்தறிவித்த துறவி சுவாமி சகஜானந்தர் ஆவர்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டு இவர் பிறந்தார். இளமைப் பெயர் முனுசாமி. திண்டிவனத்து மிஷன் பள்ளியிற் சேர்ந்து, விடுதியில் தங்கிக் கற்றார். பாதிரிமார் இவர்தம் கூர்த்த அறிவைக் கண்டு மகிழ்ந்து, சிகாமணி என்று பெயரிட்டனர். கிறித்தவராக வேண்டுமென்றும் விரும்பினர். சிறுவர் இசைந்திலர். அதனால் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். அதுகாறும் உண்ட உணவிற்கான செலவையும் திருப்பித் தருமாறு கேட்கப்பட்டார்.

மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் இப்பகுதியை விரைந்து கடந்து போதல் நேர்மையன்று. சாதி பாராது பள்ளிக் கதவைத் திறந்தவர் நம் முன்னோர் என்று ஆண்டுதோறும் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை பொய்யன்று. ஆயினும், அக்கதவு ஓர் ஏழைச் சிறுவர்க்கு எக்காரணத்தால் அடைபட்டது என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். அப்பம் பெற்ற ஐயாயிரவரிடம் நம் ஆண்டவர் விலை கேட்டதாக எந்தச் சுவிசேஷத்திலும் நாம் படித்ததில்லை.

படிப்பு முடிந்தபின் முனுசாமியார் கோலாருக்குச் சென்றார். 1880-க்குப் பின்னர் அத்தங்கவயலை நாடி ஆர்க்காட்டு நாட்டிலிருந்து ஏழைத் தமிழர் பெருந்திரளாய்க் குடிபெயர்ந்தனர். சுரங்க வேலை உயிருக்கு இறுதி பயக்கும் வேலையே. ஆனால் அங்கே கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையார் கண்முன் துண்டை அக்குளில் இடுக்கி நிற்க வேண்டுவதில்லை. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கமும் மாரிக்குப்பத்திற் கிளை விட்டிருந்தது. வேற்றூர் சென்ற தமிழ் இளைஞர்க்கு அவ்வூர் ஒரு கலாசாலை போன்றது எனலாம். முனுசாமியார் உள்ளமோ வேதாந்தத்தையே நாடியது. பின்னர்ச் சென்னை வியாசர்பாடிக் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, அவர்பால் ஞானநூல் கற்றுச் சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார்.

1910-இல் சிதம்பரம் புகுந்தவர் 1916-இல் 25 மாணாக்கருடன் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்துத் தென்னார்க்காட்டுப் பண்ணையாளின் மகன் ஏழெட்டு வயதிலேயே மாடு மேய்க்கப் போய்விடுவான். அவனைப் பள்ளிக்கு அழைப்பின் அவனுக்குச் சோறும் இடமும் தந்தாக வேண்டும். ஆதலின் எழுத்தோடு உணவும் உறையுளும் அளிக்கும் பொறுப்பு இத்துறவியார் தலைமேல் விழுந்தது. துறவு பூண்டவர் பிறர் பிள்ளைகட்காகப் பொருள் தேடி அலைந்தார்!

நந்தனார் பெயரை ஏன் தேர்ந்தார் என்பது ஆராயத்தக்கது. சேக்கிழார் கூறும் வரலாற்றில் கொடிய வேதியர் ஒருவரும் இலர். அவரைப் படைத்துச் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இரண்டிலும் நந்தனார் தீயிற் புகுந்தே உள்ளே செல்கின்றார். அடங்கி நின்று எரிந்தவரை விடுதலைக்குச் சின்னமாகக் கொள்ளலாமோ என்று கேட்பார் உளர். அவ்வினா நமக்கும் உண்டு. எனினும், நந்தனார் தீப்புகுந்து பெற்றதைத் தம் பிள்ளைகள் பலகையும் பலப்பமும் கொண்டு பெற வேண்டுமென்று சுவாமிகள் கருதினார் போலும். தில்லையை விட்டு வேறோர் ஊரில் பள்ளி வைத்திருப்பின் இப்பெயர்க்கு இத்துணைப் பொருள் இராது.

1926-ஆம் ஆண்டு முதல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, கல்வி, குடியிருப்பு மனை, குடிநீர் முதலியன குறித்துத் தம் மக்களுக்காக வாதாடினார். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் நிறைவேறியதையும் காணும் பேறு பெற்றார். மதம் மாறுதலை இறுதிவரை இவர் ஏற்றிலர். அதிற் கிறித்தவராகிய நாம் இவரோடு உடன்படுதல் அரிது. ஆனால் பன்னாள் முன்னர்த் திண்டிவனத்தில் ஒரு சிறுவர் பெற்ற அனுபவத்தை நினையாமல் மறுத்துரைத்தலும் அரிது.

1959-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார். சிதம்பரத்தில் அவர்க்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. இருபத்தைவருடன் தொடங்கிய பள்ளியின் வழியில், இன்று ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே நந்தனார் பெயரால் அரசினர் மேனிலைப் பள்ளிகள் அந்நகரில் நடைபெறுகின்றன.