இசைமேதை நௌஷாத் அலி

வட இந்தியாவின் இலக்னோ நகரில் 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் நௌஷாத் அலி பிறந்தார். தந்தையார் நீதிமன்ற இலிகிதர். மகன் இசையை நாடுவதை அவர் விரும்பவில்லை. வீடா இசையா என்ற நிலை வரவே, 1937இல் நௌஷாத் பம்பாய் சேர்ந்தார். அங்கே தாதர்ப் பகுதியில், பிராட்வே படமாளிகைக்கு எதிரேயுள்ள நடைபாதையிலும் படுத்துறங்கினார். பியானோ வாசித்துப் பிழைத்தார். கேம்சந்த் பிரகாஷிடம் உதவியாளராயிருந்து தொழில் பயின்றார்.

1944இல் 'ரத்தன்' படப் பாடல்கள் அவர் புகழை நாடெங்கும் பரப்பின. ஆயினும் வீட்டார், மணமகன் தையற்காரர் என்று கூறியே பெண் பேசினராம். திருமண வாத்தியக்காரர் முழக்கியவையோ ரத்தன் பாடல்கள்! அவை தம்முடையவை என மணமகன் வாய் திறக்கவில்லை. இதனை அறிந்தபோது நாம் முதலிற் சிரித்தோம்; பின்னர், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி நாமே பேசுவனவற்றை எண்ணிச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

1952இல் வெளிவந்த 'பைஜு பாவ்ரா' படத்திற் செவ்வியல் இராகங்களையே அவர் கையாண்டார். அதில் அரியைத் தேடி உருகும் பாடலொன்று, நமது இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் இராகத்தில் அமைந்தது. எழுதிய ஷகீல் பதாயூனி, பாடிய முகம்மது ரஃபி, இசையமைத்த நௌஷாத் மூவரும் இசுலாமியர். படம் அதே பிராட்வே மாளிகையில் ஓடியது. அந்த வீதியைக் கடக்கத் தமக்குப் பல்லாண்டுகள் சென்றன என நௌஷாத் நினைவுகூர்வதுண்டு.

தமிழில் 'அக்பர்' எனப் பெற்றோர் பலர் அறிந்த 'மொகலே ஆசம்' (1960) படத்தின் இசையும் அவருடையதே. 1981இல் தாதாசாகேப் பால்கே விருது பெற்றார். 2005இல், தம் 85ஆம் அகவையிலும் தாஜ்மகால் பற்றிய படத்துக்கு இசை தந்தவர், 2006 மே 5ஆம் நாள் மும்பாயிற் காலமானார்.