சில்லாலைக்கு நடந்த அடிகளார்

பெயரில் ஜலத்தைத் தாங்கியிருப்பினும் நம் ஜலகண்டாபுரம் கடலுக்கு நெடுந்தூரத்திலுள்ளது. தறியோசையில் வளர்ந்த நாம் அலையோசையை அறியோம். எனினும், கடல் கடந்து இலங்கைத் தீவின் வடகோடியிலுள்ள சிற்றூரொன்றை நாடிச் சென்ற ஜோசப் வாஸ் அடிகளாரின் சரித்திரம் நமக்கும் உரியதேயாம்.

அடிகளார் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி கோவா நாட்டுப் பெனாலிம் கிராமத்தில், கொங்கணப் பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். போர்த்துகேசியமும் இலத்தீனும் கற்று 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை இரங்கத்தக்கது. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், குருமாரை வெளியேற்றி, அவர் மீண்டும் வருதலையும் தடுத்தனர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அம்மக்கள் மேய்ப்பனின்றித் தவித்தனர்.

இதனைக் கேள்வியுற்ற அடிகளார், 1686-இல் யோவான் என்னும் பணியாளுடன் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடியை அடைந்து, குருவின் அங்கியைக் களைந்து, கூலியாளின் கந்தையை உடுத்தித் தோணி ஏறினார். 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தபொழுது, பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் உயிருக்கே மோசம் நேர்ந்தது. தேறியபின் கழுத்தில் ஜெபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்வோர் யாவரென அறிதலே அவர் நோக்கம்.

அவ்வாறு அறிமுகமானோர் துணைகொண்டு, பட்டினத்துக்கு வடமேற்கே கடற்கரைக்கு அணித்தான சில்லாலைக் கிராமத்தை அடைந்தார். பகலில் மறைந்தும், இரவில் ஊர் ஊராய் நடந்தும், பூசை நிகழ்த்தி நோயாளரைத் தேற்றினார். ஈராண்டுக்கு மேல் அவ்வூரார் அவரைக் காட்டிக் கொடுத்திலர். 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் கூடிய கத்தோலிக்கர் பலர் சிறைப்பட்டனர், அடிகளார் தப்பினார்.

பின்னர்ப் புத்தளம் சென்று, 1692-இல் கண்டியை அடைந்தார். ஒற்றன் என ஐயுற்று அரசன் அவரைச் சிறையிலிட்டான். 1697-இல் அந்நகரில் வைசூரி பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டோடியபொழுது, அடிகளார் அவரை எடுத்துப் பேணினார். மரித்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தார். அதனால் அரசனின் ஆதரவு நிலைத்தது. 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதரென அறிவித்தார்.

மாணவ நண்பர்காள்! கற்ற கல்வியைக் கந்தையுள் மறைத்து எளியோர் வாயிலுக்கு நடந்தவர் அடிகளார். தண்டனைக்கு அஞ்சாது அவ்வாயிலைத் திறந்தோர் பெயரறியாச் சிற்றூர் மக்கள். இவ்விரு திறத்தாரின் துணிவையும் நாம் ஒருங்கே போற்றக் கடவோம்.