அடா லவ்லேஸ் அம்மையார்

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் புதல்வியாக 1815-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த அடா அம்மையார், அன்னையின் விருப்பப்படி இளமையிலேயே கணிதம் பயின்றார். 1833-இல் சாள்ஸ் பபேஜின் நட்பு வாய்த்தது. அவர் திட்டமிட்ட கணிப்புப் பொறியைப் பற்றி மெனபிரேயா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஆங்கிலமாக்கி, அதனினும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட குறிப்புக்களையுஞ் சேர்த்து 1843-இல் வெளியிட்டார்.

அவற்றுள் பெர்னூலி எண்களைக் காணும் அட்டவணையையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். அதிற் பபேஜின் பங்கு எவ்வளவென அறிஞர் இன்றும் வழக்காடுவர். நாம் அவ்வழக்கிற் புகவில்லை. ஒரே செய்கைத் தொடர் சுற்றிச் சுற்றி நிகழுமாறு அட்டவணை அமைந்தது. ஒவ்வொரு மாறியும் எங்கே பிறந்து எங்கே பயன்படுகின்றதெனக் குறிக்கப்பட்டது. மன்னார் அரிப்புக் கரையில் முத்தெடுத்தபின் சிப்பியை எறிந்தாற்போல, பயன் தீர்ந்த மாறிகள் அடுத்த சுற்றுக்குமுன் பூச்சியமாக்கப்பட்டன. கணிப்பு நேரத்தை மிகக் குறைக்கும் ஒழுங்கையே தெரிந்தெடுத்தல் வேண்டுமென்பது அம்மையார் கருத்து. இன்று நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியும், சுற்றினுள் மதிப்பு ஏறிக்கொண்டேயிருந்தும் எவ்விடத்தும் பயன்படாத மாறியை இத்தகைய கணக்கு வைத்தே கண்டு நீக்குகின்றது.

அட்டவணையில் ஒரு வகுத்தல் தலைகீழாக அச்சேறிற்று. பொறி இயங்கியிருப்பின் அப்பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். பொறியோ கட்டி முடிக்கப்படவேயில்லை. 1852-இல், 36-ஆம் வயதில், நோயால் மறைந்த அம்மையார், ஒரு மாதக் குழந்தையாயிருக்கையிற் பிரிந்த தந்தையின் அருகிலேயே ஹக்னல் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.