ரெயில்வே வேலையை விட்டு பஸ் விட்டவர்

ரெயில்வே வேலை கிடைத்தால் அதை விடுவார் உண்டா? விட்டார் ஒருவர். அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்தவர். தந்தையின் விருப்பப்படி வக்கீலானார். பிறகு ரெயில்வேயில் வேலை. அதன்பின் பாங்கி வேலை. மாதச் சம்பளம் நிச்சயம். ஆனால் அவர் மனம் அதில் நிற்கவில்லை. வேலையை உதறிவிட்டு, 1911-ல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு மதுரையில் அவருடைய பஸ் ஓடியது.

அது மாட்டுவண்டிக் காலம். மோட்டார் வண்டியும் உதிரிப்பாகமும் கப்பலில் வரவேண்டும். உடைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் வண்டி மாதக்கணக்கில் கிடக்கும். பஸ்சோடு பழுதுபார்க்கும் பட்டறையும் உதிரிப்பாக வியாபாரமும் சேர்ந்தே வளர்ந்தன. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து மதுரையில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பெயரில் டிரைவருக்குப் பாதி என்றால், ஷெட்டில் ஸ்பானர் பிடித்த தொழிலாளிக்கு மறுபாதி.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. அவர் அசரவில்லை. கரிவாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தார். பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றவர், 1955-ல் கொடைக்கானலில் காலமானார். பின்னர் அவர் குழுமத்தில் 1962-ல் பிரேக் செய்யும் தொழிற்சாலையும், 1981-ல் ஆக்சில் செய்யும் நிறுவனமும் பிறந்தன.

நமது ஷெட்டுகளில்...

கலாசிபாளையத்திலும் யஷ்வந்தபுரத்திலும் லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் நம்மவர் பலர். அவர்களுக்கும் இந்த வாழ்க்கையில் பாடம் உண்டு. வண்டியைக் கவனிப்பது பெரிதுதான். அதைக் கவனிக்கும் ஆள் அதைவிடப் பெரிது.

பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி உருளும். ஆகவே, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை நம்பி அடியில் நுழையக்கூடாது. டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. லைனிங்கில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது. கசியும் ஆயில் சீலை உடனே மாற்றவேண்டும். ஒரு ஆக்சிலில் ஒரு பக்கம் லைனிங் மாற்றினால் மறுபக்கமும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஹப் பேரிங்கை அதிகம் இறுக்கினால் சூடேறும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். ஏர் பிரேக் வண்டியில், சுருள்வில் அடைத்த பிரேக் டப்பாவைப் பிரிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் வில் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். வேலை முடிந்ததும் ஷெட்டுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டுப் பார்த்தபிறகே ரோட்டுக்கு விடவேண்டும்.

இதற்கெல்லாம் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். லோடு தாமதமாகிறது என்று முதலாளி அவசரப்படுத்தலாம். லோடு நாளைக்கும் போகும். அடியில் படுத்தவர் இன்று மாலை வீடு போய்ச் சேரவேண்டும்.