முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவரே. தேவதாசி முறை ஒழிப்பில் இவருடைய பங்கு பரவலாக அறியப்பட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இவருடைய முயற்சியால் உருவானது. இந்தியாவில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முறையான மருத்துவம் வளர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று என்பதால், அப்பணி இக்கட்டுரையில் சற்று விரிவாகக் கூறப்படுகிறது.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி பிறந்தபோது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி சமத்தானமாகும். (1948 இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த இப்பகுதி, 1974 இல் தனி மாவட்டமாயிற்று.) தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர், மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். இத்திருமணத்தால் நாராயணசாமியை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். தாய்வழி உறவினரோடு பழகி வளர்ந்த முத்துலட்சுமி, தேவதாசி மரபின் பெண்களது நிலையைச் சிறுவயதிலேயே நேரில் அறிந்தார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் இவர் காட்டிய உறுதிக்கு இதுவே வேர் எனலாம்.

பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்படுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் அவ்வாறே நிறுத்தப்பட்டார். ஆயினும் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராசா கல்லூரியில் (இன்றைய மாமன்னர் கல்லூரி) இவர் இடம் கோரியபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்பது எதிர்த்தோரின் வாதம். இவருடைய தாயின் குலமும் குறையாகச் சொல்லப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார்.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண் இவர் எனச் சில நூல்களில் காணப்படுவது சரியன்று. மேரி சார்லீப் உள்ளிட்ட பெண்கள் 1875 முதலே அங்குப் பயின்றுள்ளனர். மன்னரின் ஆணை தேவைப்பட்ட நிலையில் தொடங்கிய படிப்பு மருத்துவப் பட்டம் வரை சென்றதே இவருடைய தனிச்சிறப்பு. அதற்கு 'முதல்' என்ற அடைமொழி தேவையில்லை.

1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்னும் நிபந்தனைகளுக்கு அவர் உடன்பட்ட பின்னரே இவர் திருமணத்திற்கு இசைந்தார். இவர்களுக்கு இராம்மோகன், கிருட்டிணமூர்த்தி என இரு புதல்வர்கள். நடிகர் ஜெமினி கணேசன் இவருடைய உறவினர் ஆவார்.

சட்டமன்றப் பணி

1926 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட முத்துலட்சுமி, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கக் கோரி இவர் தீர்மானம் கொண்டுவந்தார். இவருடைய முயற்சியால் 1929 இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயில் பணிக்காகத் தேவதாசிகள் அனுபவித்து வந்த மானிய நிலங்கள் அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு அவர்களுக்கே உரியனவாயின. நிலத்தை இழக்க நேரும் என்ற அச்சமே பல குடும்பங்களை இவ்வழக்கத்தில் கட்டி வைத்திருந்தது. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடை செய்த சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1930 இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். தேவதாசி குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமியருக்கு விடுதிகள் இடம் தர மறுத்ததால், 1930களின் தொடக்கத்தில் தாமே ஔவை இல்லத்தைத் தொடங்கினார்.

புற்றுநோய் மருத்துவமனை

1923 இல் முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். தாம் மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாமற்போனது இவரை ஆழமாகப் பாதித்தது. 1925 இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றபோது, புற்றுநோய்க்கென்றே மருத்துவமனை இயங்குவதை இலண்டனில் கண்டார். சென்னையிலும் அத்தகைய மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இவ்விருப்பத்தை வெளியிட்டார்.

அதன்பின் கடந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள். புற்றுநோயாளிகள் எப்படியும் இறப்பவர்களே, அவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அரசு வட்டாரத்திலும் இருந்தது. இதை அக்கறையின்மை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. அன்றைய மருத்துவத்தின் நிலையும் அதற்கு ஒரு காரணமாகும். இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. இவருடைய மகன் மருத்துவர் கிருட்டிணமூர்த்தியும், 1955 இல் பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். 1950களின் பிற்பகுதியில் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது.

இரத்தப் புற்றுநோயும் அடையாறும்

பல புற்றுநோய்கள் ஓரிடத்தில் கட்டியாகத் தோன்றுவன. இரத்தப் புற்றுநோய் அவ்வாறன்று. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்கள் உருவாக இடமில்லாமற் செய்கின்றன. இரத்தம் முழுதும் பரவிய இந்நோயை அறுத்தெடுக்க இயலாது, மருந்தே வழி. அவ்வழியைத் திறந்தவர்களுள் ஒருவர், முத்துலட்சுமி படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆவார். அவருடைய குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைப் பாசுட்டன் நகரின் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களுள் 10 பேருக்கு நோய் தணிந்ததை 1948 இல் வெளியிட்டார். தணிவு தற்காலிகமானதே. எனினும் மருந்துக்கு இந்நோய் அடங்கும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அடையாறு மருத்துவமனை தொடங்கியபோது உலகம் இந்த நிலையில்தான் இருந்தது.

1960 இல் அடையாற்றில் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு திறக்கப்பட்டது. முத்துலட்சுமி இதைக் கண்டார். அதன் பெரும் பயனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், இந்தியச் சூழலுக்கேற்ற ஒரே மருத்துவ முறையை அடையாறு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் பின்பற்றின. மேலைநாட்டு மருந்தளவை அப்படியே கொடுத்தால், ஊட்டம் குறைந்த குழந்தைகள் நோய்க்குத் தப்பினாலும் தொற்றுக்குப் பலியாகும் ஆபத்து இருந்தது. 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பிழைப்பு வீதம் இம்முறையால் ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. பணமும் பயணத் தொலைவும் காரணமாகச் சிகிச்சையைப் பாதியில் கைவிடும் குடும்பங்கள் தனிச் சிக்கலாக நீடித்தன.

மருந்துக்கு அடங்காத நோய்க்கும் மீண்டும் தலைதூக்கும் நோய்க்கும் குருத்தணு மாற்று மருத்துவம் பயன்படுகிறது. குருத்தணு என்பது மஜ்ஜையில் இருந்து எல்லா இரத்த அணுக்களையும் பிறப்பிக்கும் தாயணு. நோயாளியின் மஜ்ஜையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்து, திசுப் பொருத்தமுள்ள ஒருவரின் குருத்தணுக்களைச் செலுத்துவர். கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் உடலையே அயலாகக் கருதித் தாக்கக்கூடும். அதே தாக்குதல் எஞ்சிய புற்றணுக்களையும் அழிப்பதால், அதை முற்றிலும் அடக்குவதும் நன்றன்று. மாற்றின் பயன் திசுப் பொருத்தத்தை மட்டுமன்றி, மாற்றும் வேளையில் நோய் எவ்வளவு தணிந்துள்ளது என்பதையும் பொறுத்தது. உடன்பிறந்தவரின் மஜ்ஜையைக் கொண்டு செய்த முதல் வெற்றிகரமான மாற்றுகளுள் ஒன்று, பிறவி எதிர்ப்பாற்றல் குறைவுக்காக அமெரிக்காவில் 1968 இல் நடந்தது. முத்துலட்சுமி மறைந்ததும் அவ்வாண்டே. இந்தியாவில் 1983 இல் டாட்டா நினைவு மருத்துவமனையில் இம்முறை தொடங்கியது.

மறைவும் நினைவும்

முத்துலட்சுமிக்கு 1956 இல் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. 1968 சூலை 22 அன்று சென்னையில் காலமானார். அடையாறு மருத்துவமனை 1975 இல் வட்டாரப் புற்றுநோய் மையமாக ஏற்கப்பட்டது. கிருட்டிணமூர்த்தி 2010 இலும், 2005 இல் மகசேசே விருது பெற்ற சாந்தா 2021 சனவரியிலும் மறைந்தனர். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமியின் பெயரைத் தாங்கியுள்ளது. இவருடைய பிறந்த நாளான சூலை 30 மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படும் எனத் தமிழக அரசு 2019 இல் அறிவித்தது.