கல்லறைக்கு மலர் கேட்ட தளபதி

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் மே மாத இறுதியில், போரிலே மாண்ட வீரரின் கல்லறைகளுக்கு மலர் சூட்டும் நினைவு நாள் தேசிய விடுமுறையாக அனுட்டிக்கப்பெறுகின்றது. அந்நாளை நாடு முழுவதற்கும் குறித்தளித்தவர் தளபதி ஜோன் லோகன். அவர் வாழ்வோ பெருந்திருப்பங்கள் உடையது.

1826 இல் இலினொய் மாநிலத்திற் பிறந்த லோகன், வழக்கறிஞராகிச் சட்டசபை புகுந்தார். வேற்று மாநிலக் கறுப்பின மக்கள் இலினொயிற் குடியேறுதலைக் குற்றமாக்கிய 1853 ஆம் ஆண்டுச் சட்டம் இவர் முன்னின்று இயற்றியதே. தண்டம் இறுக்க இயலாதோரை ஏலமிட்டு வேலைக்கு விற்கவும் அது இடந்தந்தது. இக்களங்கத்தை இவர் வரலாறு எழுதுவோர் மறைத்தல் தகாது.

அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து, 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, இவரும் தென்பக்கஞ் சாய்வார் என ஐயுற்றோர் உளர். இவரோ வடபுலத்து ஒன்றியப் படையிற் சேர்ந்தார். 1862 இல் டொனல்சன் கோட்டையிற் படுகாயமுற்றார். 1864 யூலை 22 இல், அற்லாண்டாவின் அருகே மேலதிகாரி மக்பர்சன் வீழ்ந்ததும் சேனையைப் பொறுப்பேற்று வெற்றி கண்டார். எனினும் ஷேர்மன் அப்பதவியைப் போர்க் கல்லூரியிற் பயின்ற வேறொருவருக்கே நிலையாக வழங்கினார். அம்மனக்குறை லோகனை விட்டு நீங்கவில்லை.

போரின் பின் பழைய கட்சியைத் துறந்து, விடுதலை பெற்ற அடிமைகளின் உரிமைக்காகக் கொங்கிரசில் வாதாடினார். கண்ட போர்க்களங்களே அவரை மாற்றின போலும்.

மலர் சூட்டும் வழக்கம் அவர் தொடக்கியதன்று. 1865 மே 1 இல், சாள்ஸ்ரன் நகரிலே, சிறைப்பட்டு இறந்த ஒன்றிய வீரர் 250 பேருக்கு மேற்பட்டோரின் புதைகுழிகளைச் செப்பனிட்டு மலர் தூவியோர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களே. லோகன் ஒருகாலத்தில் தம் மாநிலத்துள் நுழையவிடாத அதே இனத்தார். தென்னாட்டுப் பெண்டிரும் தம்மவர் கல்லறைகளுக்கு மலரிட்டு வந்தனர். 1868 இளவேனிலில் வேர்ஜீனியாவுக்குச் சென்ற மனைவி மேரி, அக்காட்சியைக் கண்டுவந்து கணவரிடம் கூறினார். முன்னாட் போர்வீரர் பெருஞ்சங்கத்தின் தலைவராயிருந்த லோகன், மே 5 இல் ஆணை பிறப்பித்தார். மே 30 இல் ஆர்லிங்டன் மயானத்தில் ஏறத்தாழ 5,000 பேர் கூடினர். ஆயின் அவ்வாணை ஒன்றியத்திற்காக மடிந்தோரையே குறித்தது. தென் மாநிலங்கள் தமக்கென வேறு நாட்களை வைத்துக்கொண்டன.

1884 இல் உப ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற லோகன், 1886 டிசம்பர் 26 இல் செனற் சபை உறுப்பினராகவே இறந்தார். வாஷிங்டனிலே, படைவீரர் இல்லத்து மயானத்தில் அவர் கல்லறை உளது. அவர் குறித்த மே 30 ஆம் நாள், 1971 முதல் அம்மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையாக மாற்றப்பட்டது.